பசிக்கு ஒரு கால்

வைகையில் வெள்ளம் வந்து படித்துறையெல்லாம் முங்கிய வருசத்துக்கு அடுத்த அறுப்பில்தான் என் அக்கா போனாள். இன்று மருமகள் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவ மூடியைத் திறந்ததும் பச்சை வாசம் ஒன்று எழுந்தது. எங்கள் விளாங்குடிக் கண்மாயின் வாசம்.

அறுத்த வயலில் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்துவைத்த நெற்கதிரை எடுத்துவந்து, உதிர்த்துக் குத்தித்தான் அப்போது எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். தோண்டுகிறவள் அக்காதான். கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போனவள். தோண்டி அலுத்தால் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பச்சைத் தண்ணீரைக் கையில் அள்ளிக் காட்டுவாள்.

“இந்தப் பாசி ஒவ்வொண்ணும் கண்ணுக்குத் தெரியாத ஒத்தப் புள்ளியாம்டா. வெயிலத் தின்னே பொழச்சுக்கிருமாம். எலியப் பாரு, அம்புட்டுக் கதிரையும் சொமந்து சேக்குது, நம்ம புடுங்கிட்டு வாரோம். குடுத்துவச்சது பாசிதான்.”

“எனக்குப் பசிக்குதுக்கா” என்று அழுதேன்.

“பசிக்கு ஒரு காலு போட்டா பாசிடா, கூறுகெட்டவனே!”

சிரித்துக்கொண்டே ஈரமண்ணில் இரண்டையும் எழுதிக் காட்டினாள். இன்றுவரை எனக்கு எழுதத் தெரிந்தது அந்த இரண்டு சொல்தான்.

நான் அழுகையை நிறுத்தவில்லை. அதனால் இன்னொரு வளைக்குள் கையை விட்டாள். உள்ளே இருந்தது பாம்பு.

அவளைப் புதைத்த கரையிலும் கண்மாயிலும் இப்போது வீடுகள். அந்தப் பக்கம் போனால் அங்கே இருப்பவர்களிடம் சொல்லுங்கள்: தொட்டியில் பாசி பிடித்தால் உடனே தேய்க்க வேண்டாம், கொஞ்ச நேரம் வெயில் படட்டும்.