மெட்ராஸ் பயணமும் ஒரு குழவிக்கல்லும்

எங்கள் எஸ்டேட்டில் லீவு கேட்க நாலு காரணம்தான் செல்லும். கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி, கோயில். ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லி லீவு கேட்ட முதல் ஆள் மருதாயி. அன்றைக்குக் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மஸ்டரில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சேரம்பாடிக்கு மேலே இருக்கிறது அந்தத் தேயிலை எஸ்டேட். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் எல்லோருக்கும் நான் லோயிஸ் டீச்சர். எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் எனக்கு அடுத்த வீட்டில் மருதாயியும் அவள் அம்மா சின்னம்மையும் இருந்தார்கள். சிலோனில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பம். இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டதில் இந்தப் பக்கம் விழுந்தவர்கள். எழுபத்து மூன்றில் கப்பல் ஏறி வந்தார்கள். நான் சொல்வது எழுபத்தெட்டில் நடந்தது.

"மெட்ராசுக்குப் போறோமுங்க. எனக்கும் எங்கம்மாவுக்கும் மூணு நாள் லீவு வேணும்" என்றாள் மருதாயி.

சூப்பர்வைசர் பரமசிவன் தலையை நிமிர்த்தவில்லை. "யாரு செத்தது?"

"யாரும் சாகலைங்க."

"அப்புறம், ஆஸ்பத்திரியா?"

"இல்லைங்க. சுத்திப் பாக்க."

பரமசிவன் பேனாவைக் கீழே வைத்தார். "ஏனுங்க, கேட்டீங்களா? கொழுந்துக்காரி டூர் போறாளாமா."

சிரிப்பு எழுந்தது அப்போதுதான். கூட நின்று பறிக்கிற பெண்களும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மெட்ராசிலிருந்து கார் பிடித்து வந்து, நம் தேயிலைச் செடியை மிதித்துக்கொண்டு நின்று போட்டோ எடுக்கிறவனை எவனாவது காரணம் கேட்கிறானா? அவனுக்கு வழி காட்ட இதே பரமசிவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடுவார். அவன் வந்து பார்க்கலாம், நாம் போய்ப் பார்த்தால் மட்டும் கேலியா?

மருதாயி விடவில்லை. தினமும் காலையில் போய் அதே இடத்தில் நின்று அதையே கேட்டாள். தொல்லை தாங்காமல் ஒரு நாள் பரமசிவன், "போய்த் தொலை, சம்பளம் கிடையாது" என்றார்.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று நானும் கேட்டேன். மருதாயி சொன்னாள்: "எங்கம்மா கொழும்பு பாத்திருக்கு டீச்சர். எப்படித் தெரியுமா? பாஸ்போர்ட்டுக்கு வரிசையில நின்னு, முன்னால நிக்கிறவ முதுகத்தான் பாத்திருக்கு. அப்புறம் கப்பல்ல ஏத்துனாங்க, மண்டபம் கேம்ப்புல எறக்குனாங்க, ரயில்ல ஏத்துனாங்க, இங்க எறக்குனாங்க. யாரும் அனுப்பாம, நாமளாப் பாத்து போற ஊர் ஒண்ணாவது இருக்க வேணாமா?"

பெரம்பூரில் இருக்கிற என் தங்கை ஜெஸிந்தாவுக்கு எழுதிப்போட்டேன், தங்க இடம் ஆயிற்று. சாயங்காலங்களில் நானும் மருதாயியும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். முதல் நாள் கடற்கரை. மறுநாள் காலையில் உயிர் காலேஜ், மத்தியானம் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலைக்கும் மியூசியத்துக்கும் மெட்ராஸ் சனங்கள் வைத்த பேர் அது. மருதாயி விழுந்து விழுந்து சிரித்தாள். பதினாலு மாடிக் கட்டடத்தைக் கீழே நின்று பார்ப்பது என்றும், மேலே ஏற விட்டால் ஏறுவது என்றும் முடிவானது.

சின்னம்மை மட்டும் வாயே திறக்கவில்லை. மூலையில் வெற்றிலை மென்றுகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது கிழவி தன் கோழியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "வச்சிக்கங்க டீச்சர். முட்ட நல்லா இடும்." பிறகு பந்தலில் இருந்த பூசணியை, பிஞ்சு என்றும் பார்க்காமல் பறித்து லயம் முழுக்கக் கொடுத்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஏதும் மனசு நோகப் பேசியிருந்தா மறந்துருங்க" என்றாளாம். மருதாயி வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் மெட்ராசுக்குக் கட்டிய மூட்டையில் பாத்திரம், கம்பளி, விளக்கு, எல்லாவற்றுக்கும் நடுவில் பழைய சேலையில் சுற்றிய அம்மிக் குழவி.

"மூணு நாளைக்கு எதுக்கும்மா குழவி?" என்று மருதாயி சத்தம் போட்டாள்.

"நீ மூணு நாளுன்னு சொல்லுவ. அங்கயும் அப்படித்தான் சொன்னான்."

அந்தக் கதையைச் சின்னம்மை எனக்கு அப்போதுதான் சொன்னாள். தலைமன்னார் துறையில் ஒரு ஆபீசர் அவள் மூட்டையைப் பிரித்து அம்மியை வெளியே எடுத்து வைத்திருக்கிறான். பாரம் கூடுதலாம். அழாதே, அடுத்த கப்பலில் அனுப்பி வைக்கிறோம் என்றிருக்கிறான். அம்மி அந்தக் கரையில், குழவி இந்தக் கரையில். ஐந்து வருஷம் ஆயிற்று. இங்கே கூடலூர்ச் சந்தையில் வாங்கிய அம்மியில்தான் அந்தக் குழவியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னய எங்க கொண்டுபோய் விடப் போறீங்க? அதயாவது சொல்லிருங்க" என்று பெற்ற மகளைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் வாழ்க்கையில் ரயில் என்றால் போகிற ரயில் மட்டும்தான். அப்படி ஆக்கி வைத்தவர்கள் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. மருதாயி சத்தியம் செய்தாள், சாமி படத்தைத் தொட்டாள். கிழவி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூட்டையை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

இதற்குள் பூசணியும் கோழியும் வேறு வேலை செய்துவிட்டன. சின்னம்மை வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் முகம் தெரியாத ஒருவன் வந்தான். வாசலில் நின்று, கட்டில் உள்ளே நுழையுமா என்று கதவை முழம் போட்டுப் பார்த்தான். யாரப்பா நீ என்று கேட்டேன். பரமசிவனின் மச்சானாம். நாளைக்கு இந்த வீட்டுக்குக் குடி வருகிறானாம்.

கிழவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாத்தீங்களா என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை மஸ்டரில் மருதாயி போட்ட சத்தம் ஃபாக்டரி வரைக்கும் கேட்டது. நானும் சின்னம்மையும் பின்னாலேயே போனோம்.

"யாரக் கேட்டு என் வீட்ட இன்னொருத்தனுக்குக் குடுத்தீங்க?"

"ஊரே சொல்லுது, நீங்க காலி பண்றீங்கன்னு. கோழியக்கூட குடுத்தாச்சாமா" என்றார் பரமசிவன்.

"கோழி எங்களுது, யாருக்கு வேணும்னாலும் குடுப்போம். எஸ்டேட்டுல நாங்க வேல செய்யிறதுக்குத்தான வீடு? லீவு நீங்கதான குடுத்தீங்க? லீவு குடுத்தா வீடு போயிருமா? அப்ப இங்க நிக்கிறவங்க யாரும் இனிமே சாவுக்குக்கூடப் போக முடியாதே. சொல்லுங்க, எல்லாரும் கேட்டுக்கட்டும்."

அது சுட்டது. முன்பு சிரித்த பெண்கள் கூடையைக் கீழே வைத்தார்கள். வீட்டு விஷயம் தெரியாமல் கொழுந்துக்குப் போக மாட்டோம் என்று நின்றார்கள். பரமசிவன் நாலு பக்கமும் பார்த்தார். "சரி, சரி. உன் வீடு உனக்குத்தான். மச்சானுக்கு வேற பாத்துக்கறேன்" என்றார்.

சின்னம்மை என் கையைப் பிடித்தாள். "திரும்பி வராதவ வீட்டுக்காக இம்புட்டுச் சண்ட புடிப்பாளா டீச்சர்?"

"மாட்டாம்மா" என்றேன்.

விறுவிறு என்று வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் குழவி இருந்தது. நேராகப் போய்ப் பரமசிவனின் மேசைமேல் தொப்பென்று வைத்தாள். மைக்கூடு ஆடியது.

"என்னம்மா இது?"

"எங்குழவிங்க. மெட்ராஸ் பாத்துட்டு வந்து வாங்கிக்குவேன். இத்தன பேர் முன்னால ஒங்ககிட்ட ஒப்படைக்கிறேன். நீங்கதான் பொறுப்பு." கொஞ்சம் நிறுத்தினாள். "அடுத்த கப்பல்ல அனுப்புறேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

பரமசிவனுக்கு அது புரியவில்லை. ஆனாலும் குழவியை நகர்த்தவில்லை. சின்னம்மை போகிற வழியில் என்னிடம், "கோழியக் குடுத்துட்டேன்னு நெனச்சுக்காதீங்க. வர்ற வரைக்கும் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, சின்ன மூட்டையோடு பஸ் ஏறினாள்.

அவர்கள் திரும்பி வந்த நாளில் நானும் மஸ்டரில்தான் இருந்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கிய சின்னம்மை வீட்டுப் பக்கம் போகவில்லை. மெட்ராஸ் எப்படி, கடல் எப்படி என்று வழியெல்லாம் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எங்குழவி எங்க?"

பரமசிவன் எழுந்து நின்றார். அலமாரியைத் திறந்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். கிழவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முந்தானையால் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"கடல் பெருசாத்தான் இருக்கு டீச்சர். இருட்டுற வரைக்கும் ஒக்காந்து பாத்தேன். கப்பலும் ரெண்டு மூணு வந்துச்சு. எங்க அம்மியத்தான் எவனும் கொண்டாரல."