மேஜர் மாற்றிச் சொன்ன நாள்

என் கடையின் பின்னறைச் சுவரில் ஒரு நீலப் போர்வை தொங்குகிறது. எங்கள் கல்யாணச் சீரில் வந்த போர்வை. அதை ஆணியடித்து மாட்டிய நாளிலிருந்து இன்றுவரை என் மனைவி அதற்காக என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். விலக்கிப் பார்த்தால் பின்னால் ஜெராக்ஸ் காகிதக் கட்டுகளும், கெட்டுப்போன பிரிண்டரும், ஓதம் ஏறிய சுவரும் இருக்கும். டிவியில் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு அது பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் உட்கார்ந்து உலகத்துச் சண்டைகளையெல்லாம் அலசிய இடம். சென்னையிலோ டெல்லியிலோ பெரிய ஆபீஸ் என்று நினைத்திருப்பார்கள். மலைமேல் சோளக்காட்டு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, தகரக் கூரை போட்ட கடை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்த ஆய்வாளர்தான் மேஜர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, எங்கள் மலையில் கொஞ்சம் மிளகுத் தோட்டம் வாங்கிக் குடியேறியவர். சொந்த ஊர் கீழே ராசிபுரம் பக்கம். நானும் பேளுக்குறிச்சியிலிருந்து பிழைக்க மேலே வந்தவன்தான், அதனால் வந்த நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டோம். அவர் வீட்டில் போன் சிக்னல் கிடைக்காது. ஒழுங்கான இன்டர்நெட் என் கடையில்தான். எங்கேயாவது குண்டு விழுந்தால் போதும், சாயங்காலம் டிவிக்காரர்கள் அவரைக் கூப்பிடுவார்கள், அவர் தோட்டத்திலிருந்து இறங்கி வந்துவிடுவார். மழை பெய்தால் தகரத்தின் மேல் அடிக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது, மனிதர் தொண்டை கிழியக் கத்துவார். அவர் ஆவேசப்படுகிறார் என்று நினைத்து டிவிக்காரர்களுக்கு ஒரே குஷி. மழைக்காலத்தில்தான் அவருக்கு அழைப்பு அதிகம் வந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நிகழ்ச்சிக்கு முன்னால் என் மேசைமேல் மிளகைக் கொட்டி வரைபடம் போடுவார். மணிகள் கப்பல்கள், மேசை விளிம்பு கடற்கரை, என் ஸ்டேப்ளர் துறைமுகம். இப்போதைய சண்டையில் முன்வரிசை, பின்வரிசை என்று ஒன்றும் கிடையாது என்பார். பெரிய விமானத்தைவிடச் சின்ன டிரோன்தான் பயம். சிப்பாய் நிற்கிற இடத்தை அடிப்பதைவிட, மின்சாரம் வருகிற இடம், எண்ணெய் ஏறுகிற இடம், சரக்கு இறங்குகிற இடம், இவற்றைத்தான் அடிப்பார்கள். அங்கெல்லாம் வேலை செய்பவன் யார்? நம் ஊர் வெல்டர், எலக்ட்ரீஷியன், டிரைவர். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கோ ஒரே கேள்வி, உலகப் போர் வருமா வராதா. "இன்னைக்குக் கிடைச்ச தகவல்படி பார்த்தா" என்று இவர் ஆரம்பிப்பார். மறுநாள் செல்போனில் சுற்றுகிற துண்டு வீடியோவில் அந்த ஆரம்பத்தை வெட்டியிருப்பார்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "போர்ல நேத்து சொன்னது நேத்தோட சரிப்பா. இன்னைக்குப் புதுசாப் பார்க்கோணும். அதை வெட்டிட்டா நான் சோசியக்காரன்தானே?" என்பார்.

சோசியக்காரன் என்றுகூட இல்லை, எங்கள் மலை சனங்கள் அவரைச் சாமியாகவே ஆக்கிவிட்டார்கள். இரண்டு மூன்று தடவை அவர் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. பலாப்பழம் விற்கிறவர்கள், மிளகு விற்கிறவர்கள் எல்லாம் அவர் பேசும்போது கடைக்கு வெளியே வந்து நின்று கேட்பார்கள். மழை வருமா, மிளகு விலை ஏறுமா என்றுகூடக் கேட்டார்கள். அவரும் விளையாட்டாக ஏதாவது சொல்லிவைப்பார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் மிளகு விற்கிற அக்கா ஒருவர் உண்டு. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், புருஷன் இல்லை, ஒரே மகன். அவன் வெல்டிங் படித்துவிட்டு வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் சண்டை மூண்டது. போகிறவர்கள் போகலாம், ஆனால் போனால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வரட்டுமா, இருக்கட்டுமா என்று மகன் அம்மாவிடம் கேட்டான். அக்கா மேஜரிடம் வந்தார்.

அன்று காலை அவர் தலைக்குக் குளித்து, ஈர முடியை முடிந்துகொண்டு, வெளுத்த சேலை கட்டி வந்தார். வெற்றிலை பாக்கும், கொடியிலிருந்து அறுத்த ஒரு மிளகுக் கொத்தும் மேசைமேல் வைத்தார். "எதுக்குங்கம்மா இதெல்லாம்?" என்று மேஜர் சிரித்தார். மரியாதைக்குக் கொண்டுவந்தார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் அன்று விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

"சாமி, எம்பையன் அங்கயே இருந்தா உசுருக்குப் பழுதில்லாம ஊடு வந்து சேருவானுங்களா?" என்று கேட்டார்.

மேஜர் அந்தக் கொத்திலிருந்தே மணிகளை உதிர்த்து மேசைமேல் பரப்பிப் பொறுமையாக விளக்கினார். அந்தத் துறைமுகம் சண்டை போடுகிற இரண்டு பேருக்கும் வேண்டும், அதனால் இரண்டு பேரும் தொட மாட்டார்கள் என்றார். "இப்போதைக்குப் பயமில்லீங்கம்மா. இருக்கட்டும்." அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வெளியே போய் மகனுக்குப் போன் போட்டார். இருக்கச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து நிலைமை மாறியது. ஆயுதச் சரக்கு அந்தத் துறைமுகம் வழியாகப் போக ஆரம்பித்துவிட்டதாகச் செய்தி வந்தது. மேஜர் மணிகளை மறுபடி அடுக்கிப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப்போனார். அன்றைக்கும் நல்ல மழை. நீலப் போர்வைக்கு முன்னால் உட்கார்ந்து கத்தினார்: "நான் முந்தி சொன்னது இனிச் செல்லாது. அந்தத் துறைமுகத்தை அடிப்பாங்க. நம்ம ஆளுங்க யாரா இருந்தாலும் இன்னைக்கே கிளம்பிடணும்." முடித்துவிட்டு முதல் வேலையாக என்னிடம் கேட்டது, "அந்த மிளகுக்காரம்மா கேட்டிருப்பாங்கல்ல?" என்றுதான். "கேக்காம என்னங்க? சந்தையே வெளியதான நிக்குது" என்றேன். கூட்டத்தில் இருப்பார் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

மறுநாள் டிரோன் விழுந்தது. பையன் உயிர் பிழைத்தான். வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

அவன் ஊர் வந்து சேர்ந்தபின் அக்கா அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மேஜர் இருந்தார். அந்த வருஷத்து முதல் மிளகை அவர் காலடியில் வைத்து, "வாக்கு பலிச்சுப்போச்சுங்க சாமி. உசுரோட வந்துட்டானுங்க" என்று அழுதார். மேஜர் எழுந்து நின்றுவிட்டார். பையனின் மடித்துக் குத்திய சட்டைக் கையையே பார்த்தார். "அன்னைக்கு மழையில நான் டிவியில பேசுனப்ப நீங்க வெளிய நிக்கலீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதெப்படிங்க சாமி! ஒருக்கா வாக்கு வாங்கிட்டா, காரியம் முடியற மட்டும் மறுக்கா அந்த வாசல்ல காது குடுக்கப்படாதுங்க. நம்பிக்கையில்லாம வந்து நிக்கறாப்பல ஆயிருமுங்களே. நீங்க பஸ் ஸ்டாப்பத் தாண்டறதப் பாத்தாலே நான் மூட்டையத் தூக்கிட்டு அந்தக் கோடிக்குப் போயிருவேன்" என்றார் அக்கா. முறைப்படி நடந்துகொண்டேன் என்கிற பெருமை அவர் முகத்தில் இருந்தது. மலையில் கோயிலில் பூக் கேட்டால், அதாவது பூ வைத்துச் சாமியிடம் வாக்குக் கேட்டால், அதுதான் முறையாம். ஒரு தடவைதான் கேட்பார்கள். தலைக்குக் குளித்ததும், வெறும் வயிறும், வெற்றிலை பாக்கும் அதற்குத்தான். கீழ்நாட்டுக்காரர்களான எங்கள் இரண்டு பேருக்கும் இது தெரியாது.

மேஜர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இரண்டே நாளில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றால், மகனை இருக்கச் சொன்ன பாவம் அந்த அம்மாள் தலையில்தானே விழும்? அவர்கள் போனபின் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "ஊர் உலகத்துக்கெல்லாம் கத்திக் கத்திச் சொன்னேனே. ரோட்டைத் தாண்டிப் போயி அந்தம்மாகிட்டச் சொல்லலியேப்பா."

அதன்பின் அவர் டிவியில் பேசவில்லை. கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். அக்கா மட்டும் விடவில்லை. புதுமிளகு வரும்போதெல்லாம் மகனைக் கூட்டிக்கொண்டு அவரைத் தேடிப் போய்க் கும்பிட்டார். திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும். அந்தக் கும்பிடு அவரை அரித்துவிட்டது. தோட்டத்தை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனார், போன வருஷம் அங்கேயே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். எதைக் கேள்விப்பட்டாலும் பக்கத்தில் இருப்பவனிடம் நேரில் சொல்லிவிடு என்று கடைசியாகப் போனில் பேசும்போதுகூட என்னிடம் சொன்னார். நான் ஏதோ கரண்ட் பில் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இப்போது வேறொரு பக்கம் சண்டை. டிவியில் யார் யாரோ கத்துகிறார்கள். யாரும் மிளகை உதிர்த்துப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. போன வாரம் அக்காவும் மகனும் கடைக்கு வந்தார்கள். "ஐயா இல்லீன்னா என்னங்க, அவரு உக்காந்த எடம் இருக்குதுல்லீங்களா?" என்று சொல்லி, மிளகை மகனிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, அக்கா வாசலிலேயே நின்றார். அவன் இடது கையால் ஒரு பிடி மிளகை நீலப் போர்வையின் கீழே வைத்தான். வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"ஏனுங்கண்ணா," என்றான் குரலைத் தாழ்த்தி. "ஐயா கிளம்பச் சொன்ன வீடியோவ நான் பாத்திருக்கறனுங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாத்தேன். என்னைக்குப் பேசுனதுன்னும் பாத்தேன். அடிபட்டதுக்கு முந்துன நாளுங்க."

நான் வாசலில் நின்ற அக்காவை எட்டிப் பார்த்தேன்.

"அம்மாவுக்குத் தெரியப்படாதுங்கண்ணா. தெரிஞ்சா உக்காந்துரும், அப்பறம் எந்திரிக்காது." அவன் போர்வையைப் பார்த்தான். "ஐயாகிட்ட மட்டும், நீங்க மாத்திச் சொன்னது எனக்குத் தெரியுமுங்க, கோவமில்லீங்கன்னு சொல்லோணும்னு இருந்தனுங்க. ஒவ்வொருக்காவும் அம்மாவும் கூடவே வந்துச்சு. ஐயா தனியாக் கெடைக்கவே இல்லீங்க."

"என்ன கண்ணு, வெச்சுட்டியா?" என்று வெளியிலிருந்து அக்கா கேட்டார்.

"வெச்சுட்டேம்மா" என்றான்.

போர்வையின் ஒரு மூலை ஆணியிலிருந்து கழன்று தொங்கியது. அவன் அதை எடுத்து மாட்டப் பார்த்தான், ஒரு கையால் முடியவில்லை. நான் போய் அடுத்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.