சனி பகவானை நேரில் பார்த்த சாயங்காலம்

எங்கள் மலையில் பிள்ளை பிறந்தால் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. நான் பிறந்தது சாமை அறுப்பு நடந்த நாட்களில். அதற்கு மேல் அம்மாவுக்கே தெரியாது. ஒடுகத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் கேட்டதும், இல்லை என்று சொல்ல அப்பாவுக்குக் கூச்சம். மலைக்குக் கீழே ஒரு ஜோசியரிடம் வாய்க்கு வந்த தேதியையும் நேரத்தையும் சொல்லி எழுதி வாங்கிவந்துவிட்டார்.

அந்தப் பொய் நேரத்துக்குப் போய் ஏழரைச் சனி பிடித்துக்கொண்டது. குரு பலமும் இல்லையாம்.

"மிச்சம் இருக்கிற ரெண்டரை வருசம் போவட்டும், அப்பறம் கல்யாணம் வச்சிக்கலாம். அதுவரைக்கும் சனிக்கிழமை தவறாம எள்ளு விளக்கு போடும்மா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எனக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

எங்கள் மலையில் தொலைநோக்கிக் கூடம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டுவார்கள். "சனி பகவானையே நேர்ல பாக்கலாம், வாங்கத்தை" என்று கூப்பிட்டேன். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பஸ் ஏறி வந்தார்கள்.

முதலில் குருவைக் காட்டினார்கள். உடம்பெல்லாம் கோடு போட்ட உருண்டை. அடுத்து சனி. வளையத்தோடு மூக்குத்தி அளவில் அத்தனை அழகாக இருந்தது. இதற்கா பயந்தோம் என்று சிரிப்பு வந்தது. இரண்டுமே பெரும்பாலும் வாயுதான், கால் ஊன்றத் தரையே கிடையாது என்றார் காட்டியவர். அத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நிக்கவே தரை இல்லாதது என் தலையில வந்து எப்டித்தை குந்தும்?" என்றேன்.

"இன்னாம்மா இப்டிப் பேசுற? ஜாதகத்துல இருக்குதே!"

"அந்த ஜாதகமே பொய்ங்க. நான் பொறந்த நேரம் எங்க வூட்டுல யாருக்குமே தெரியாது."

அத்தை விரல் விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்ப வேலை சுலபமாப் போச்சு. நல்ல நேரமாப் பாத்து வேற எழுதிக்கலாம்."

மாப்பிள்ளையும் தலையாட்டினார். "ஒரு காயிதம்தானே, எழுதிட்டா அடுத்த மாசமே கல்யாணம்."

எனக்கு அழுகை முட்டியது. "என்னைத் தள்ளி வச்சதும் பொய்க் காயிதம், ஏத்துக்கிறதும் பொய்க் காயிதமா? வேணாங்க. கடைசி பஸ் போயிடும், கிளம்புங்க."

சனிதான் கல்யாணத்தைக் கெடுத்தது என்று ஒடுகத்தூரில் இன்றும் பேசுகிறார்கள். அது எங்கோ வானத்தில் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிறுத்தியது நான்.