உறைந்த குழாய்

புரோசார்ட்டில் வீடு வாங்கிய முதல் குளிர்காலம். ஒருநாள் காலை சமையலறையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை. வெளிச்சுவரை ஒட்டிய குழாய் உறைந்துவிட்டது. கணவர் கொதிநீரோடு ஓடி வந்தார்.

"ஊத்தாதேங்கோ, வெடிச்சிடும்! கீழ போய் மெயின் வால்வைப் பூட்டுங்கோ," என்றேன்.

"உமக்கு உது தெரியுமோ?"

"ஓம், தெரியும். போங்கோ."

கோட்-டெ-நெய்ஜில் வாடகைக்கு இருந்தபோது மேல்வீட்டுக் குழாய் இப்படி உறைந்து வெடித்து எங்கள் மெத்தையெல்லாம் நனைந்தது. அன்று திருத்த வந்தவரிடம் எல்லாம் விசாரித்து வைத்திருந்தேன்.

குழாயின் திருகைத் திறந்துவிட்டு, உறைந்த இடத்துக்குத் தலைமயிர் உலர்த்தும் மெஷினால் மெல்ல மெல்லச் சூடு காட்டினேன். கை உளைந்தும் விடவில்லை. கடைசியில் தண்ணீர் சொட்டியது. வால்வைத் திறக்கச் சொன்னேன். எங்கும் தண்ணீர் ஒழுக்கில்லை.

இப்போது குளிர் இறுகினால், அயல்வீட்டுக்காரரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.