ஹாரன் தேடிய கை

பத்மாவதிக்கு ஐம்பத்தொரு வயது. சரவணம்பட்டியிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கொண்டுபோய் விட்டே கார் ஓட்டுவதில் கைதேர்ந்தவர். பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போனதும் இனி வீட்டில் சும்மா இருப்பார் என்று நினைத்தவர்கள் நினைப்பில் மண்ணை அள்ளிப் போட்டார். கார் ரேஸ் டிராக்குக்குப் போய்ப் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டார்!

காய்ந்த டிராக்கில் அம்மணி புலிதான். ஈரத்தில்தான் வந்தது வினை. தூறல் நனைத்த வலப்பக்க வளைவில் காரின் பின்பக்கம் இடதாக வழுக்கியது. அப்போது அவருடைய வலது கை என்ன செய்தது தெரியுமா? ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அதன் நடுவில் ஓங்கி ஒரு அடி அடித்தது. ஹாரனாம்! ரேஸ் காரில் ஏது ஹாரன்? இருந்தாலும் யாரை விலகச் சொல்வது, மழையையா? கார் பம்பரமாய்ச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. காந்திபுரத்து நெரிசலில் பழகிய கை. ஆபத்துக்கு அதற்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

மறுமுறையும் அதே கதை. பயிற்சி தரும் முஜீப் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "அக்கா, அடுத்த ஈர டெஸ்ட்லயும் சுத்துனா இந்த வருசம் ரேஸ் லைசென்சுக்கு நான் எழுதித் தர முடியாதுங்க."

லைசென்ஸ் இல்லையென்றால் பந்தயம் இல்லை. தனக்கென்று பத்மாவதி ஆசைப்பட்டது இது ஒன்றுதானே!

பம்பு உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் கணவர் திருமலைசாமி ஆறுதல் சொன்னார். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க? உட்டுப்போடு அம்மணி."

"பழக்கத்தைத்தானுங்க உடப்போறேன்."

அன்றிலிருந்து ஊருக்குள்ளும் ஹாரன் அடிப்பதில்லை என்று சபதம். கோயமுத்தூரில்! பஸ் குறுக்கே பாய்ந்தாலும் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான். அன்னூர் போகும் வழியில் வெள்ளாட்டுக் கூட்டம் மறித்தபோது, பக்கத்திலிருந்த திருமலைசாமி பொறுக்கமாட்டாமல் ஹாரனை அமுக்க எட்டினார். பட்டென்று கையில் ஒன்று விழுந்தது.

"ஆடு அதுபாட்டுக்குப் போகுமுங்க. கையை எடுங்க."

டெஸ்ட் அன்று ஆடிக் காற்றோடு சாரல். அதே வளைவு. அதே வழுக்கல். பத்மாவதியின் வலது கை ஹாரனுக்குத் துடித்தது. ஒரு கணம்தான்; ஸ்டீயரிங்கை விடவில்லை. பின்பக்கம் இடதாகப் போனது. ஸ்டீயரிங்கையும் இடதாகவே திருப்பினார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுக்காமல் மெல்லத் தளர்த்தினார். பிரேக் பக்கமே போகவில்லை. புல்லைப் பார்க்காமல் போகவேண்டிய வழியையே பார்த்தார். பின்பக்கம் திரும்பி வந்ததும் ஸ்டீயரிங்கை நேராக்கினார். அவ்வளவுதான்! கார் ஒன்றும் நடவாததுபோல வளைவைத் தாண்டிப் போனது. ஹெல்மெட்டுக்குள் பத்மாவதி வாய்விட்டுக் கத்தினார். மாரியாத்தா சத்தியமாக அது பயத்தில் வந்த கத்தல் இல்லை.

காரை நிறுத்தியதும் முஜீப் ஓடிவந்தான். "பாஸுங்கக்கா! இன்னைக்கே எழுதித் தர்றேன்!"

திருமலைசாமியோ அங்கே நின்ற முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், "எங்கூட்டு அம்மணிங்க, பாத்தீங்களா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. கிட்டே வந்து குனிந்து, "வா அம்மணி, ஊட்டுக்குப் போலாம். மழை வலுக்குது" என்றார்.

பத்மாவதி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"நல்லா வலுக்கட்டுமுங்க. இன்னொரு சுத்து போயிட்டு வாரேன்."