கொடிக்கு ஒரு நாள், உங்கள் அம்மாவுக்கு மூன்று வாரம்

பிள்ளைகளே, உங்கள் அப்பா பெரிய வைத்தியன். படித்தது எட்டாவதுதான். ஆனாலும் மார்பில் கட்டி இருக்கிறது என்று உங்கள் அம்மா சொன்னதும், உட்கார்ந்த இடத்திலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன்.

"வலிக்குதா?" என்றேன்.

"வலியெல்லாம் இல்லங்க. குளிக்கையில தட்டுப்படுது. பட்டாணி கணக்கா."

"வலிக்காத கட்டிக்கு எதுக்கு டாக்டரு? சூட்டுக் கட்டியா இருக்கும். திராட்சை வெட்டு முடியட்டும், போவோம்."

சுருளிப்பட்டிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து எல்லாம் திராட்சை வெட்டு முடிந்த பிறகுதான். புற்றுநோயும் நம் ஊர் வழக்கத்தை மதித்துக் காத்திருக்கும் என்று நம்பிய மேதை நான். வருஷத்துக்கு மூன்று வெட்டு நடக்கும் பள்ளத்தாக்கில் எந்த வெட்டு முடிந்து போவது என்று அவளும் கேட்கவில்லை.

மூன்று வாரம் போனது. ஒரு காலையில் கொடியில் நாலு இலையில் மஞ்சள் புள்ளி தெரிந்தது. இலையைப் பறித்து ஈரத்துணியில் சுற்றி, பல்கூட விளக்காமல் உத்தமபாளையத்து மருந்துக்கடைக்கு வண்டியை விரட்டினேன்.

திரும்பி வந்து பெருமையாகச் சொன்னேன்: "கடைக்காரரு என்னைய மெச்சுறாரு. நேரத்தோட வந்தீக, ஒரு வாரம் விட்டிருந்தா பந்தல் பூராம் பரவியிருக்கும்ங்கிறாரு."

உங்கள் அம்மா இட்லியைத் தட்டில் வைத்தாள்.

"அப்ப நானும் பந்தல்ல ஏறித் தொங்குறேன். என்னையும் ஈரத்துணியில சுத்தி அந்தக் கடைக்காரர்ட்டயே காட்டிட்டு வாங்க."

இட்லியை அப்படியே வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன். அன்றைக்கே தேனி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டாக்டரம்மா என்னைத்தான் முதலில் சோதித்தார். "வலிக்கலைன்னா ஒண்ணுமில்லைன்னு யார் சொன்னாக?"

சொன்ன வைத்தியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எல்லாக் கட்டியும் புத்துநோய் இல்ல. எது என்னன்னு பாக்கிறது எங்க வேலை, உங்க வேலை இல்ல."

படம் எடுத்தார்கள். ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். சின்னது, அக்குள் வரை பரவவில்லை. அறுவை சிகிச்சை சரியாக வெட்டு வாரத்தில் வந்தது. வெட்டு நான் இல்லாமலே நடந்தது. திராட்சை ஒன்றும் என்னைத் தேடவில்லை.

ஆத்தா மகளே, அம்மாவுக்கு வந்தது உனக்கும் வந்தே தீரும் என்றில்லை. ஆனால் மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதலாம். எந்த வயதிலிருந்து சோதனை செய்ய வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள். கட்டி மட்டுமல்ல, மார்புத் தோல் சுருங்கினாலும், காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலும், அதில் நீர் கசிந்தாலும் போய்க் காட்டு. ஏலே மகனே, ஆம்பளைக்கும் இது அபூர்வமாக வருமாம். உன் வீட்டில் ஒருத்தி இப்படிச் சொன்னால், வலிக்குதா என்று விசாரிக்காதே. வண்டியை எடு.

அடுத்த சோதனைக்குக் கொடுத்த தேதியும் வெட்டில்தான் விழுகிறது. "இந்தத் தடவ தள்ளிப் போடுவமா?" என்றாள் உங்கள் அம்மா, என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"கொடிக்கு வலிச்சா அது சொல்லும். நீ கிளம்பு" என்றேன்.