டோலிக்குப் பின்னால் ஓடிய நாள்

ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எட்டாம் வகுப்பில் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். சந்தைத் திடலில் கிளம்பி, மலைச்சாலையில் ஏறிக்கொண்டே போய், மேலே இருக்கும் முருகன் கோயில் படியைத் தொட்டுவிட்டு, அதே வழியில் இறங்கித் திடலுக்கு வந்து சேரும் நீளம் அது. சாமை அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கத்து இளைஞர்கள் ஜவ்வாது மலையில் வருடாவருடம் நடத்தும் ஓட்டம். பரிசெல்லாம் பெரியவர்களுக்கு. சின்னவர்கள் ஓடி முடித்தால் ஒரு பனியனும் ஒரு தட்டு சாமைப் பொங்கலும் கிடைக்கும். எனக்கு அது இரண்டும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். முந்தின வருடம் கடைசி வளைவிலேயே அந்த ஒரு மணி நேரம் தீர்ந்துபோய், மிச்சத் தூரத்தை அழுதுகொண்டே ஓடி முடித்திருந்தேன்.

இந்த முறை விடுவதாக இல்லை. ஆலங்காயத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த நான், வார்டன் அக்காவின் போனில் ஓட்டப் பயிற்சி வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். அப்பாவை நச்சரித்து, ஸ்டாப்வாட்ச் உள்ள ஒரு பிளாஸ்டிக் கைக்கடிகாரம் வாங்கியிருந்தேன். விடுமுறைக்கு மலையேறி வந்த அன்றே மாமாவுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். மாமா அம்மாவின் தம்பி. எனக்குத் துணையாக ஓட ஒப்புக்கொண்ட ஒரே ஆள். அவருடைய ஓட்டம் எனக்கு மானக்கேடாக இருந்தது. முழங்கால் மடங்கியே இருக்கும், பாதம் தரையை உரசிக்கொண்டே போகும், தலை மட்டும் கொஞ்சமும் அசையாது.

“இன்னா மாமா, கெழவன் மாதிரி ஓடற? கையை வீசு. காலைத் தூக்கிப் போடு.”

“சரிங்க டீச்சர்” என்பார். நாலடி தூரம் கையை வீசுவார். அப்புறம் பழையபடி உரசல்தான்.

எங்கள் ஊருக்குச் சாலை கிடையாது. காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை, பாதி மலையில் ஒரு புளியமரத்தடியில் தார்ச்சாலையைத் தொடும். யாருக்காவது முடியாமல் போனால், மூங்கில் கழியில் கம்பளியைத் தூளிபோலக் கட்டி, அதில் படுக்கவைத்துச் சுமந்துகொண்டு அந்தப் புளியமரம் வரை போவார்கள். அதுதான் டோலி. பிள்ளைபெறப் போகிறவர்களும் டோலியில்தான் போவார்கள். சில நாள் கழித்துப் பிள்ளையோடு நடந்து வருவார்கள். அம்மாவும் அப்படித்தான் போய் என்னைக் கொண்டுவந்தாள். ஆகவே டோலி என்றால் எனக்குப் பயமே கிடையாது.

ஓட்டத்தன்று விடியற்காலையில் பக்கத்து வீட்டு அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டாள். நிறைமாதம். கீழே உட்கார முடியாமல், நின்றுகொண்டே பின்னினாள்.

“ஆடாத மே. கோணலாப் போயிடும்.”

“இன்னும் இறுக்கமாப் போடுக்கா.”

“இதுக்கு மேல இறுக்குனா கண்ணு ரெண்டும் காதுக்குப் போயிடும். இன்னிக்கு மட்டும் நீ ஒரு மணிக்குள்ள வரல, என் வூட்டுப் பக்கம் வராத. புள்ள பொறந்தா தூக்கக் குடுக்க மாட்டேன், ஆமா.”

பாதிப் பின்னலில் அவள் கை நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். “சீக்கிரம்க்கா, நேரமாவுது” என்றேன். அவள் மீதியைப் பின்னி, ரப்பர் பேண்டை மூன்று சுற்று சுற்றி, முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்பினாள்.

ஏற்றம் நன்றாகவே போனது. மாமா பக்கத்திலேயே பாதத்தை உரசிக்கொண்டு வந்தார். கோயில் படியைத் தொட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்; கணக்குப்படி நான் கொஞ்சம் பின்தங்கியிருந்தேன். இறக்கத்தில் கண்மண் தெரியாமல் ஓடினால்தான் உண்டு.

புளியமரத்தை நெருங்கும்போது பாதையிலிருந்து டோலி வெளியே வந்தது. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். முன்னால் சுமந்தவர்களில் ஒருவர் என் அப்பா. நால்வருமே வயதானவர்கள், ஊரில் தோள் உள்ள ஆண்பிள்ளைகள் எல்லோரும் நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு எங்களோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு முகமெல்லாம் வேர்த்து, வாய் திறந்திருந்தது. கம்பளி விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்த கையில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். பக்கத்து வீட்டு அக்கா. சாயங்காலத்துக்குள் பாப்பா வந்துவிடும் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆம்புலன்சைப் புளியமரத்தடிக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே அது இல்லை. ஓட்டத்துக்காகச் சாலையைக் கயிறு கட்டி மறித்திருந்ததால் திடலிலேயே நிற்கிறது என்று, தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பையன் கத்தினான்.

“டோலியக் கீழ வெச்சிடாதீங்க!” என்றார் மாமா. பிறகு என்னிடம், “நீ போ கண்ணு. நிக்காத.”

போய்ச் சேரும்வரை டோலியைத் தரையில் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். தோள் மாற்றுவதும் நடந்தபடியேதான். மாமா அப்பாவின் பின்னால் போய்க் கழியை ஒரு தட்டு தட்டினார். அப்பா குனிந்து விலக, கழி மாமாவின் தோளில் இருந்தது. மேலிருந்து இறங்கிவந்த எங்கள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தட்டினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் டோலிக்கு அடியில் முழுக்க நம்பர் குத்திய பனியன்கள். கீழூர்களிலிருந்து வந்தவர்கள் ஓரமாக நின்று வழிவிட்டார்கள்.

அப்புறம் டோலி ஓடியது.

நான் வெறும் ஆளாக ஓடிக்கொண்டிருந்தேன். ஓர் ஆளைச் சுமந்துகொண்டு அவர்கள் என்னை முந்திப் போனார்கள். முழங்கால் மடங்கியே இருந்தது, பாதம் தரையை உரசியது, தலை அசையவில்லை. கம்பளியும் குலுங்கவில்லை. மாமா அந்த ஓட்டத்தை எங்கே பழகினார் என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை; இவ்வளவு வேகம் வைத்துக்கொண்டு இத்தனை நாள் என்னை ஏமாற்றிவிட்டாரே என்றுதான் பட்டது. டோலியை விடக் கூடாது என்று அதன் பின்னாலேயே ஓடினேன். வளைவுக்கு வளைவு தோள் மாறியது. கழியைத் தட்டும் சத்தத்துக்கு என் காலும் சேர்ந்து விழுந்தது. என் வாழ்நாளில் அப்படி நான் ஓடியதில்லை.

கடைசி வளைவில், கம்பளியைப் பிடித்திருந்த கை தளர்ந்து வெளியே தொங்கியது. அக்கா தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

திடலில் நேரம் குறிக்கிறவர்கள் மேசையை விட்டுவிட்டு ஆம்புலன்ஸ் பக்கம் ஓடியிருந்தார்கள். நான் காலி மேசையைத் தொட்டு, கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. கையைத் தூக்கிக்கொண்டு, “வந்துட்டேன்! வந்துட்டேன்!” என்று குதித்தேன். ஆம்புலன்சின் கதவு சாத்தப்பட்டது. அக்காவின் வீட்டுக்காரர் உள்ளே ஏறியிருந்தார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் மாமா சாப்பிட உட்காரவில்லை. எங்கள் ஊரில் போன் எடுக்காது. பின்பக்கச் சரிவின் உச்சியில் உள்ள பாறையில் ஏறி நின்றால்தான் சிக்னல் வரும். மாமா போனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவில் ஓடி ஏறினார். ஓடி இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஏறினார். காலையில் விட்ட ஓட்டத்தை மாமா இப்போது ஓடித் தீர்க்கிறார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். கீழே நின்று கடிகாரத்தைத் தட்டி, ஒவ்வொரு தடவையும் அவருக்கு நேரம் சொன்னேன்.

“மாமா, போன தடவைய விட ஃபாஸ்ட்!”

அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் ஓட்டத்தைப் பார்க்க இத்தனை பேரா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசித் தடவை பாறைக்குப் போன மாமா வெகுநேரம் இறங்கவில்லை. பிறகு நடந்து வந்தார். கடிகாரத்தை நிறுத்தவா வேண்டாமா என்று தெரியாமல் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

டோலியில் போனவர்களில் பிள்ளை மட்டும் திரும்பி வரப்போகிறது என்பதை எனக்கு மறுநாள்தான் சொன்னார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா நடந்துவிட்டார் என்பதுதான்.

“இதான் மாமா இருக்கறதுலயே மோசம்” என்றேன்.

“ஆமா கண்ணு.”

என் முன்னால் வந்து மண்ணில் உட்கார்ந்தார். என் பின்னலைக் கையில் எடுத்து, மேலிருந்து கீழ்வரை மெல்லத் தடவிப் பார்த்தார்.

“அவ்ளோ வேகமா ஓடியும் ஒரு முடிகூடக் கலையல பாத்தியா மாமா?” என்றேன்.